ஒற்றை விரலால் சைக்கிளை நிறுத்தியவர்!

குழந்தைகளே, மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார், சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு. கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் சரிவில் அந்த சைக்கிள் தடதடவென்று இறங்கி வருகிறது. ஓட்டுகிறவர் ஒரே ஒரு விரலால் பிரேக் லீவரை அழுத்துகிறார். அவ்வளவுதான்! ஆளும் வண்டியுமாக எண்பது, தொண்ணூறு கிலோ எடை அப்படியே அடங்கி நிற்கிறது.

தாத்தா காலத்து சைக்கிளில் இது நடக்குமா? கை வலிக்க வலிக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். மழை நாளில் பிரேக் கட்டை நனைந்துவிட்டால் அதுவும் போச்சு!

அப்படியானால் மலை சைக்கிளில் மட்டும் என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை. லீவரில் தொடங்கி சக்கரம் வரை ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதற்குள் கொஞ்சம் எண்ணெய். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. இந்தக் கொஞ்சம் எண்ணெய்க்கு அவ்வளவு பலம் எப்படி வருகிறது என்பதைத் தெளிவாக விளக்கி எழுதியவர், உலகில் முதல் சைக்கிள் தோன்றுவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனார். வாழ்ந்தது வெறும் 39 ஆண்டுகள். அதிலும் பாதிக்கு மேல் நோய். அவர்தான் பிளேஸ் பாஸ்கல்.

கரித்துண்டும் கணக்கும்

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் எரிமலைகள் நிறைந்த மலைநாடு ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டாம், எல்லாம் என்றோ அணைந்துபோன எரிமலைகள்! அங்கே உள்ள கிளெர்மோன் என்ற நகரில் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி பாஸ்கல் பிறந்தார். தந்தை எட்டியன் பாஸ்கல் அரசாங்கத்தில் வரி தொடர்பான பெரிய பதவியில் இருந்தவர். கணிதத்திலும் கெட்டிக்காரர். பிளேஸுக்கு கில்பெர்ட் என்று ஓர் அக்கா, ஜாக்குலின் என்று ஒரு தங்கை. மூன்று வயதாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார்.

1631இல் தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தலைநகர் பாரீசுக்குக் குடிபெயர்ந்தார். மகனை அவர் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனால், ஒரு கட்டுப்பாடு. பதினைந்து வயது வரை கணிதம் கூடாது! கணிதத்தின் ருசி கண்டுவிட்டால் மகன் மொழிப் பாடங்களைத் தொடமாட்டான் என்பது அவர் கவலை. வீட்டில் இருந்த கணிதப் புத்தகங்களை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

ஒளித்து வைத்த பலகாரத்தின் மீதுதானே பிள்ளைகளுக்கு ஆசை அதிகம்! பன்னிரண்டு வயது பிளேஸ் விளையாட்டு நேரத்தில் தனியறைக்குப் போய், ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு தரையில் கோடும் வட்டமும் வரைய ஆரம்பித்தான். அவற்றுக்கு என்ன பெயர் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நேர்கோட்டுக்குக் கம்பி என்றும், வட்டத்துக்கு வளையம் என்றும் தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒருநாள் தந்தை உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதை யாரும் சொல்லித்தராமல் தானாகவே நிறுவிக்கொண்டிருந்தான் மகன்! எட்டியன் கண்கலங்கிவிட்டாராம். அன்றோடு தடை நீங்கியது. யூக்ளிட் எழுதிய கணித நூல் பையனின் கைக்கு வந்தது. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் அக்கா கில்பெர்ட். தம்பியின் வாழ்க்கையை அவர்தான் பின்னாளில் எழுதிவைத்தார்.

பதினாறு வயதில் பிளேஸ் எழுதிய வடிவியல் கட்டுரையைப் பார்த்து பாரீஸ் அறிஞர்களே வியந்தார்கள். ரெனே டெகார்ட்டே என்ற மாபெரும் மேதைக்கு மட்டும், இதை ஒரு பையன் எழுதியிருப்பான் என்று நம்பவே மனம் வரவில்லை.

இதற்கிடையே குடும்பத்துக்கு ஒரு சோதனை. 1638இல் அரசாங்கம் மக்களிடம் வாங்கிய கடனுக்கு ஒழுங்காக வட்டி தரவில்லை. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் எட்டியனும் ஒருவர். நாட்டையே ஆட்டிப்படைத்த கார்டினல் ரிஷலியூவின் கோபத்துக்கு ஆளாகி அவர் தலைமறைவாக வேண்டியதாயிற்று. காப்பாற்றியது யார் தெரியுமா? பதின்மூன்று வயது தங்கை ஜாக்குலின்! ரிஷலியூவின் முன்னால் நடந்த நாடகத்தில் அழகாக நடித்துவிட்டு, பரிசாகத் தன் தந்தைக்கு மன்னிப்பு கேட்டாள் அந்தச் சிறுமி. மன்னிப்பும் கிடைத்தது, ரூவான் நகரில் வரி அதிகாரி வேலையும் கிடைத்தது.

பல் சக்கரப் பெட்டி

ரூவானில் தந்தைக்கு இரவு பகலாகக் கணக்கு. அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம் வேறு படுத்தி எடுக்கும். 12 தெனியே சேர்ந்தால் ஒரு சோல். 20 சோல் சேர்ந்தால் ஒரு லீவ்ர். நம் ஊரில் முன்பு அணாவும் பைசாவும் போட்டுக் கணக்குப் பார்த்தார்களே, அதைப் போலத்தான். நள்ளிரவு வரை கூட்டிக்கொண்டே இருக்கும் அப்பாவைப் பார்த்துப் பரிதாபப்பட்ட பிளேஸ், 1642இல் ஒரு கணக்குப் போடும் இயந்திரம் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19.

பெட்டிக்குள் பல் சக்கரங்கள். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டிச் சுழியத்துக்கு வந்தால், பக்கத்துச் சக்கரம் ஓர் எண் நகர வேண்டும். கேட்க எளிது, செய்து பாருங்கள் தெரியும்! 999உடன் ஒன்றைக் கூட்டும்போது எல்லாச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். அத்தனையையும் தள்ள முதல் சக்கரத்துக்குப் பலம் போதாமல் இயந்திரம் இறுகிப்போகும். பிளேஸ் யோசித்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எடை கட்டிய ஒரு சின்னக் கைப்பிடி வைத்தார். சக்கரம் சுழலச் சுழல அந்த எடை கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கப்படும். ஒன்பதைத் தாண்டியதும் பொத்தென்று கீழே விழுந்து அடுத்த சக்கரத்தை உதைத்துத் தள்ளும். சிறுகச் சிறுகச் சேர்த்த பலத்தை வேண்டிய நேரத்தில் மொத்தமாகச் செலவழிக்கும் வித்தை!

ஐம்பதுக்கும் குறையாமல் மாதிரிகள் செய்து பார்த்து, 1645இல் இயந்திரத்தை வெளியிட்டார். பாஸ்கலீன் என்று அதற்குப் பெயர். எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால், யாரும் வாங்கவில்லை! காரணம், விலை. ஒவ்வொரு பல்லையும் தொழிலாளி கையால் அராவிச் செய்ய வேண்டும். சாதாரண குமாஸ்தா எட்டிப் பார்க்கவும் முடியாத விலை ஆகிவிட்டது. பிரபுக்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அழகுப் பொருளாக உட்கார்ந்தது அந்த இயந்திரம். ஒரு நல்ல பொருள் மலிவாகவும் கிடைத்தால்தான் ஊருக்குப் போய்ச் சேரும் என்பதை பாஸ்கல் இளம் வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார். இன்று எட்டோ ஒன்பதோ இயந்திரங்கள்தான் உலகில் மிச்சம் இருக்கின்றன.

காற்றுக்கு எடை உண்டா?

அந்தக் காலத்து அறிஞர்களுக்குள் ஒரு பெரிய சண்டை. உலகில் வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது, இயற்கை அதை வெறுக்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். உறிஞ்சு குழாயால் உறிஞ்சினால் தண்ணீர் மேலே ஏறுகிறதே, அது வெற்றிடத்தை நிரப்பத்தான் என்பார்கள்.

1640களில் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லி ஒரு சோதனை செய்தார். ஒரு பக்கம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார். பாதரசம் முழுவதும் கொட்டிவிடவில்லை. சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுகொண்டது. அதற்கு மேலே குழாயில் காலி இடம். அங்கே என்ன இருக்கிறது? பாதரசத்தைக் கீழே விழாமல் தாங்குவது எது? வெளியில் இருக்கும் காற்றின் எடைதான் கிண்ணத்தில் உள்ள பாதரசத்தை அழுத்தி, குழாய்க்குள் தூக்கி நிறுத்துகிறது என்பது டாரிசெல்லியின் கருத்து. பலரும் ஒப்புக்கொள்ளவில்லை. காற்றுக்காவது, எடையாவது!

ரூவான் நகரில் நல்ல கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. பாஸ்கல் அங்கே 46 அடி நீளக் குழாய்களைச் செய்யச் சொன்னார். கப்பலின் பாய்மரத்தில் அவற்றைக் கட்டி, ஒன்றில் தண்ணீரும் இன்னொன்றில் சிவப்புத் திராட்சை மதுவும் நிரப்பித் தூக்கி நிறுத்தினார். மதுவில் ஆவி அதிகம், அது காலி இடத்தை நிரப்பித் திரவத்தைக் கீழே தள்ளும், ஆகவே மது தண்ணீரைவிடத் தாழ்ந்து நிற்கும் என்று பழைய கட்சிக்காரர்கள் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. தண்ணீர் சுமார் 31 அடியில் நின்றது. மது அதைவிடச் சற்று உயரத்தில் நின்றது. மது தண்ணீரைவிட லேசானது. வெளிக்காற்று அதே பலத்தோடு தள்ளும்போது லேசானது கூடுதல் உயரம் ஏறத்தானே செய்யும்?

இருந்தாலும் முடிவான சாட்சி வேண்டும். பாஸ்கலுக்கு ஒரு யோசனை தோன்றியது. நாமெல்லாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்றால், மலை உச்சிக்குப் போகப் போக நமக்கு மேலே இருக்கும் காற்று குறைய வேண்டும். அப்போது பாதரசமும் இறங்க வேண்டும். இறங்கினால் காற்றுக்கு எடை உண்டு. இறங்காவிட்டால் தம் கட்சி தோற்றது!

பாரீசில் ஏது மலை? பிறந்த ஊரான கிளெர்மோனுக்குப் பக்கத்தில்தான் புய் தெ தோம் என்ற எரிமலை 1,465 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. போய் ஏறலாம் என்றால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஒருநாள்கூட வலியில்லாமல் இருந்ததில்லை அவர். 1647இல் கால்கள் மரத்துப்போய், கவட்டைக்கோல் ஊன்றித்தான் நடக்க முடிந்தது. எனவே கிளெர்மோனில் இருந்த அக்காவின் கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். அத்தானும் ஒப்புக்கொண்டார். ஆனால், பனியும் மழையும் விடவில்லை. பாஸ்கல் பத்து மாதம் காத்திருந்தார்.

1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி. விடியற்காலையில் உச்சி தெரிந்தது. பெரியே சில பாதிரியார்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, முதலில் ஊருக்குள் தாழ்வான இடத்தில் இருந்த மடத்துத் தோட்டத்துக்குப் போனார். 8 கிலோ அளவு பாதரசம், ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இரண்டிலும் பாதரசம் ஒரே உயரம். நம் அளவில் சுமார் 71 செ.மீ. ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு பாதிரியாரை உட்கார வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள்.

உச்சியில் சோதனை செய்தபோது பாதரசம் 63 செ.மீ. அளவுக்கு இறங்கிவிட்டது! எட்டரை செ.மீ. வித்தியாசம்! கூட இருந்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். பெரியே லேசில் விடவில்லை. சிறு கோயிலுக்குள் ஒருமுறை, திறந்த வெளியில் ஒருமுறை, காற்று வீசும் பக்கம், காற்று படாத பக்கம் என்று ஐந்து முறை செய்து பார்த்தார். ஐந்து முறையும் ஒரே அளவு. இறங்கும் வழியில் பாதி மலையில் பார்த்தால், அளவும் பாதி வழியில் நின்றது. கீழே தோட்டத்துக்கு வந்தால் பழையபடி 71! காவல் இருந்த பாதிரியார், தம் குழாயில் பாதரசம் நாள் முழுவதும் அசையவே இல்லை என்று சாட்சி சொன்னார்.

என்னைக் கேட்டால், அன்றைய நாளின் உண்மையான நாயகன் மலை ஏறாமல் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பாதிரியார்தான். அவர் குழாய் மட்டும் இல்லையென்றால், பருவநிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று யாராவது சொல்லித் தப்பித்திருப்பார்கள். ஒன்றை மாற்று, மற்றதை மாற்றாதே என்ற சோதனை முறை இன்று உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் உண்டு.

பாரீசில் இருந்த பாஸ்கலும் சும்மா இருக்கவில்லை. சேன் ழாக் என்ற உயரமான கோபுரத்தில் சோதனையைச் செய்து பார்த்தார். அந்தக் கோபுரத்தின் அடியில் இன்றும் அவருடைய சிலை இருக்கிறது.

நூறு பேர் பலம்

காற்று அழுத்துவதைக் கண்டுகொண்ட பாஸ்கல், அடுத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் நிரம்பிய மூடிய பாத்திரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் இரண்டு திறப்புகள். ஒன்று சிறியது, இன்னொன்று அதைப் போல் நூறு மடங்கு பரப்புள்ளது. இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும் பிஸ்டன்கள். சிறிய பிஸ்டனை ஓர் ஆள் அழுத்தினால், பெரிய பிஸ்டனை அழுத்தும் நூறு பேரை அவர் ஒருவரே தடுத்து நிறுத்திவிடலாம்!

ஏன் அப்படி? மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவுகிறது. சிறிய பிஸ்டனில் ஒரு சதுர செ.மீ. மீது விழுந்த அதே அழுத்தம், பெரிய பிஸ்டனின் நூறு சதுர செ.மீட்டரில் ஒவ்வொன்றின் மீதும் விழுகிறது. இதுதான் பாஸ்கல் விதி. சும்மா கிடைக்கும் லாபமா என்றால் இல்லை. பெரிய பிஸ்டன் ஒரு செ.மீ. நகர வேண்டுமென்றால் சிறியது நூறு செ.மீ. நகர வேண்டும். இதையும் பாஸ்கலே எழுதியிருக்கிறார்.

ஆனால், எழுதிய நூலை அவர் அச்சிடவில்லை. 1651இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு தங்கை ஜாக்குலின் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். 1654இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற கணித மேதையோடு சூதாட்டக் கணக்கு ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார். நிகழ்தகவு என்று நீங்கள் படிக்கிற பாடம் அதிலிருந்து பிறந்ததுதான். பாஸ்கல் முக்கோணம் பற்றி எழுதியதும் அதே சமயத்தில். (அந்த எண் முக்கோணம் அவர் கண்டுபிடித்தது அல்ல. நம் நாட்டில் மேருப் பிரஸ்தாரம் என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் முன்பே தெரிந்திருந்தது.)

அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு அவருக்கு ஆழ்ந்த தெய்வ அனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதைத் தோல் ஏட்டில் எழுதி, கோட்டின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். கோட்டு மாற்றும்போதெல்லாம் பிரித்து, மறுபடி தைத்துக்கொள்வார். எட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அவர் பெரும்பாலும் சமயம் பற்றியே எழுதினார். அறிவியல் தாள்கள் மேசைக்குள் தூங்கின.

1658இல் ஓர் இரவு தாங்க முடியாத பல்வலி. தூக்கம் வராமல் படுத்திருந்தவர், வலியை மறக்க ஒரு கணக்கை நினைக்கத் தொடங்கினார். உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால், அது காற்றில் எப்படிப்பட்ட கோடு வரையும்? உங்கள் சைக்கிள் டயரில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, நண்பரை மெதுவாகத் தள்ளச் சொல்லிப் பக்கத்திலிருந்து பாருங்கள். வரிசையாக வளைவுகள் போட்டுக்கொண்டு போகும். பாஸ்கல் இதைப் பற்றி ஒரு போட்டியே அறிவித்தார். கிறிஸ்டோபர் ரென் என்ற ஆங்கிலேயர், ஒரு வளைவின் நீளம் சக்கரத்தின் விட்டத்தைப் போல் சரியாக நான்கு மடங்கு என்று கண்டுபிடித்தார்.

ஐந்து சோல் வண்டி

1661இல் தங்கை ஜாக்குலின் இறந்தார். பாஸ்கலின் உடம்பும் மோசமாகிக்கொண்டே வந்தது. அந்த நிலையிலும் அவர் மனதில் ஒரு திட்டம். அன்றைய பாரீசில் சொந்தக் குதிரை வண்டி உள்ளவர் வண்டியில் போவார். இல்லாதவர் சேற்றில் நடப்பார். ஒரே வழியில், குறித்த நேரத்தில், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் புறப்படும் பொது வண்டி விட்டால் என்ன? நண்பர் ரோவானே பிரபுவோடு கூட்டுச் சேர்ந்து, மன்னரிடம் அனுமதி வாங்கினார்.

1662 மார்ச் 18ஆம் தேதி முதல் வழித்தடம் ஓடத் தொடங்கியது. ஏழு வண்டிகள். ஒவ்வொன்றிலும் எட்டு பேர் உட்காரலாம். ஓட்டுநர்களுக்கு நீலச் சீருடை. எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஐந்து சோல். இன்றைய டவுன் பஸ்ஸுக்கு மூதாதை அது! கூட்டம் அலைமோதியது. அக்கா கில்பெர்ட் ஏறலாம் என்று நின்றால், வந்த வண்டி எல்லாம் நிரம்பி வழிந்ததாம். தமக்கு வரும் லாபத்தை, குளிரிலும் பசியிலும் வாடிய புளோவா நகரத்து ஏழைகளுக்குக் கொடுக்க நினைத்தார் பாஸ்கல்.

ஆனால், நகரத்து நீதிமன்றம் ஒரு கட்டளை போட்டது. படைவீரர்கள், வேலைக்காரர்கள், கூலித் தொழிலாளர்கள் இதில் ஏறக்கூடாது! நடந்து நடந்து கால் தேய்ந்தவர்களுக்கே இடமில்லை என்றால் அது என்ன பொது வண்டி? மக்கள் முகம் சுளித்தார்கள். போகப் போகக் கட்டணமும் கூடியது, கூட்டமும் குறைந்தது. 1670களின் இறுதியில் வண்டிகள் நின்றே போயின.

அதைப் பார்க்க பாஸ்கல் இல்லை. 1662 கோடையில், அவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்திருந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. நோயாளிக் குழந்தையை வெளியே அனுப்ப மனமில்லாமல், சாகக் கிடந்த அவரே வீட்டைக் காலி செய்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் ஆகஸ்ட் 19ஆம் தேதி உயிர் பிரிந்தது.

மேசையில் தூங்கிய தாள்களை எடுத்து 1663இல் அச்சிட்டவர் யார் தெரியுமா? புய் தெ தோம் ஏறினாரே, அதே அத்தான் பெரியே!

ஒழுகாத தோல்

புத்தகம் வந்தும் நூறு பேர் பலம் உடனே யாருக்கும் கிடைத்துவிடவில்லை. பிஸ்டனின் ஓரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் அழுத்தம் எப்படி நிற்கும்? 130 ஆண்டுகள் கழித்து, 1795இல் லண்டனில் ஜோசப் பிராமா என்ற தச்சர் ஹைட்ராலிக் அழுத்து இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். ஒழுகலை நிறுத்தியது கிண்ணம் போல் வளைத்த ஒரு தோல் வளையம். தண்ணீர் அழுத்த அழுத்த அதன் உதடு இன்னும் இறுக்கமாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த யோசனை அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்பார்கள். பிறகு அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இதே விதியைக் கார் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921இல் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள கார் வந்துவிட்டது.

சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? சைக்கிளில் ஒவ்வொரு கிராமும் காலால் மிதித்து ஏற்ற வேண்டிய சுமை. கனமான பிரேக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால், 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கிப் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருந்த பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கியதும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

1990களில் மலை சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வரத் தொடங்கியது. முதலில் பந்தய வீரர்கள் மட்டும் வாங்கக்கூடிய விலை. பாஸ்கலீன் கதைதான்! ஆனால், இதில் கையால் அராவ வேண்டிய பல் சக்கரம் இல்லை. அலுமினியக் கலவையில் வார்த்த இரண்டு சிறு உருளைகள், ரப்பர் வளையங்கள், ஒரு பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் எண்ணெய். தொழிற்சாலைகள் ஏராளமாகச் செய்யத் தொடங்கியதும் விலை இறங்கியது. இப்போது நடுத்தர விலை சைக்கிளிலும் அது வருகிறது. லீவர், குழாய், பிடிப்பான் எல்லாம் சேர்த்து ஒரு சக்கரத்துக்கு சுமார் 300 கிராம். ஒரு பெரிய மாம்பழத்தின் எடை! கார்பன் இழையும் டைட்டானியத் திருகும் போட்டு இன்னும் சில கிராம் குறைத்தால் விலை எங்கோ போகும். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்.

லீவரில் உள்ள பிஸ்டனின் விட்டம் சுமார் 10 மி.மீ. சக்கரத்தின் அருகே உள்ளது சுமார் 22 மி.மீ. விட்டம் இரு மடங்கு சொச்சம்தான். பரப்பைக் கணக்கிடுங்கள், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! லீவரின் நெம்பு பலமும் சேர்ந்துகொள்ள, விரலின் சின்ன அழுத்தம் பெரிதாகி, இரு பக்கமும் உள்ள பிரேக் கட்டைகள் தகட்டை கப்பென்று கவ்வுகின்றன. கம்பி பிரேக்கில் துரு பிடிக்கும், வளைவுகளில் உரசிப் பலம் வீணாகும். எண்ணெய் எத்தனை வளைவிலும் அழுத்தத்தைக் குறையாமல் கொண்டுபோகும். தகட்டில் உள்ள ஓட்டைகள் எடையைக் குறைக்கின்றன, சேற்றையும் ஈரத்தையும் வழித்து வெளியேற்றுகின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். ஊசி இல்லாத புது சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டையும் ஒரு மெல்லிய டியூபால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். சிறியதை நீங்கள் தள்ளுங்கள், பெரியதைத் தம்பியைத் தடுக்கச் சொல்லுங்கள். தோற்றுப்போவான்! அடுத்து, தண்ணீரோடு கொஞ்சம் காற்றையும் விட்டுத் தள்ளுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும், பலம் போய்ச் சேராது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அதனால்தான் மெக்கானிக் டிஸ்க் பிரேக் குழாயில் புகுந்த காற்றுக் குமிழை வெளியேற்றுகிறார். ஓடி நின்ற தகட்டைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்! எண்ணெய்க் கையோடும் தொடக்கூடாது, பிரேக் வழுக்கும்.

1971இல் அழுத்தத்தின் அலகுக்கு பாஸ்கல் என்று பெயர் வைத்தார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒரு கட்டம் புய் தெ தோம் உச்சியில் முடிந்தது. 1988க்குப் பிறகு பந்தயம் அங்கே போனது அன்றுதான். பாதை குறுகல் என்பதால் கடைசி 4 கிலோமீட்டரில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான வீரர்களின் சைக்கிள்களில் இருந்தது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு பெரியே அந்த மலையில் ஏறி அப்போது 375 ஆண்டுகள் ஆகியிருந்தன.